மலை வண்டிக்குக் கட்டிய பார்சல்

வினோ,

வியாழக்கிழமை மிஷினைப் பார்க்க ஆள் வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அடுப்பில் இட்லிக் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது, பார்சலுக்கு நாலு பேர் எதிரில் நின்றார்கள். எனக்குப் போனில் பேச வராது என்பது உனக்கே தெரியும். கடைக்கு வருகிறவர்களிடம் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுவேன். பெற்ற மகளிடம் போனில் "சாப்ட்டியா" என்பதற்கு மேல் பேச்சு நகராது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை மாப்பிள்ளையிடம் காட்டலாம். மிஷின் வாங்க வருகிறவரிடம் காட்டினாலும் சரிதான், மறைக்க இதில் ஒன்றும் இல்லை. நீ ஓசூரிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடு, அது போதும்.

கச்சிராயபாளையம் ரோட்டில், மலை கண்ணெதிரே தெரிகிற இடத்தில், கரும்பு எடை போட்டுக்கொண்டிருந்த பழைய கொட்டகையை வாடகைக்குப் பிடித்து நீ தொழில் தொடங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கரும்புச் சக்கைக் கூழை அச்சில் அழுத்தித் தட்டும் டப்பாவும் செய்கிற மிஷின் ஒன்று, மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்த கவர் சுருளை வெட்டி ஒட்டுகிற மிஷின் ஒன்று. சொந்தக்காரர்கள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். இன்ஜினியரிங் படித்த பெண் சக்கையைக் கட்டி அழுகிறதே என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். நீ முதலில் வந்த டப்பாவை எடுத்து, சூடு ஆறுவதற்குள் என் கையில் வைத்தாய். "நம்ம ஊர்ல கரும்பும் குச்சிக்கிழங்கும் தான வெளையுது. அதுலயே நம்ம ஊரு சோத்தக் கட்டிக் குடுக்கலாம்மா" என்றாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த மூச்சில் நீ, நம் ஓட்டலிலிருந்தே ஆரம்பிக்கலாமா என்று கேட்டபோது நான் வியாபாரியாகிவிட்டேன். சாம்பார் ஒழுகினால் யார் பதில் சொல்வது? "மொதல்ல வெளிய நாலு பேருக்கு வித்துக் காட்டு, நம்ம கட எங்க ஓடிடப் போவுது" என்றேன். நீ சிரித்தாய். அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை, நானும் அதைப் பற்றி நினைக்கவில்லை.

கல்யாணத்துக்கு வருகிறேன். அதைப் பற்றி நாம் இருவரும் இதுவரை நேருக்கு நேர் பேசவில்லை. முதலில் தை மாதத்துக்கு நாள் குறித்திருந்தோம். தாம்பூலக் கவரை நீயே உன் கையால் வெட்டினாய். பச்சை மையில் உன் பெயரும் மாப்பிள்ளை பெயரும், கீழே சின்ன எழுத்தில், மண்ணில் போட்டால் மக்கிவிடும் என்று ஒரு வரி. மார்கழியிலேயே கட்டுக் கட்டாக வந்து இறங்கிவிட்டது. அதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா தவறிப்போய், கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போனது. அப்போதே நீ, இது ரொம்ப நாள் தாங்காது, கல்யாணத்துக்குப் புதிதாக வெட்டிக்கொள்ளலாம் என்று சொன்னாய். பெயர் போட்ட கவரை வேறு எதற்கு எடுப்பது? நான் விடவில்லை. "எங்கிட்ட குடு, பத்திரமா வெச்சிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன்.

பத்திரமாக வைப்பதில் என்னை மிஞ்ச கள்ளக்குறிச்சியில் ஆள் கிடையாது என்பது என் நினைப்பு. பங்குனியில் மலையிலிருந்து புளி இறங்கியதும் வருஷத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்துவிடுவேன். மிளகாய், மல்லி, சாமை எல்லாம் அப்படித்தான். காற்றுப் படாமல் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டால் எந்தப் பொருளும் அடுத்த வருஷம் வரை அப்படியே இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. உன் கவருக்கும் அதே மரியாதையைச் செய்தேன். பெரிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, இறுக்கிக் கட்டி, ஓட்டல் சமையல்கட்டுப் பரணில் புளிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். கீழே இட்லிக் கொப்பரை காலையும் மாலையும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மக்குவதற்கென்றே செய்த பொருளுக்கு அதைவிட நல்ல இடத்தை நீயே தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டாய்.

அப்புறம் நடந்ததை ஊரே பார்த்தது. தாம்பூலம் கொடுக்க ஆரம்பித்ததும் முதல் வரிசையில் வந்தவர் சின்னசேலம் பக்கம் பெரிய ஓட்டல் வைத்திருப்பவரின் மனைவி. அந்த ஓட்டலுக்கு மாதாமாதம் டப்பாவும் கவரும் கொடுப்பதாக நீ பேசி முடிக்கிற கட்டத்தில் இருந்தாய். அந்த அம்மா கவரை வாங்கி இரண்டடி நடந்தார். அடி விட்டுப்போய்த் தேங்காய் கீழே விழுந்து, மண்டபத்துப் படியில் தட்டித் தட்டி இறங்கி, மேளக்காரர்கள் காலடியில் போய் நின்றது. வெற்றிலை சிதறியது. அடுத்தவருக்கும் அப்படியே ஆனது. மூன்றாவது கவரைக் கையில் எடுக்கும்போதே என் விரல் உள்ளே போய்விட்டது. ஒரு சித்தப்பா, யார் என்று சொல்லமாட்டேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மக்கும்னு தான சொன்னாங்க, வூடு போறதுக்குள்ளயேவா" என்றார். சிரிப்பு எழும்பி அடங்க ரொம்ப நேரம் ஆனது. நான் பதறிப்போய்ப் பக்கத்துக் கடையிலிருந்து பிளாஸ்டிக் கவரைக் கட்டோடு வாங்கிவரச் சொல்லி, அதில் தேங்காயைப் போட்டுப் போட்டுக் கொடுத்தேன். உன் கல்யாணத்திலிருந்து ஊர் முழுக்கச் சிவப்பும் நீலமுமாகப் பிளாஸ்டிக் கவரோடு திரும்பிப் போனது. நீ மணவறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு தலையைக் குனிந்துகொண்டாய், நான் எத்தனை தடவை பார்த்தும் நீ நிமிரவில்லை.

சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நீ அப்பா மாதிரி, கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்கிற ஜாதி. மறுவீடு முடிந்து கிளம்பும்போதுகூட, காரணம் இன்னதென்று நாலு பேரிடம் நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் விடு என்றுவிட்டாய். ஓசூரிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து தொழிலைப் பார்த்துக்கொள்வதாகத்தான் பேச்சு. முதலில் வந்தாய், பிறகு இடைவெளி விழுந்தது, பிறகு கொட்டகைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். சின்னசேலத்துக்காரர் போனை எடுக்கவில்லை என்று மாப்பிள்ளை மூலம் தெரிந்தது. போன வாரம் நீ போனில், "என் கல்யாணத்துலயே நிக்காத பொருள யாரும்மா வாங்குவாங்க" என்று சொல்லிவிட்டு, மிஷினை விற்பது பற்றி ஆரம்பித்தாய். அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. அழுகையில்லாமல் அதை நீ சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது உன் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த அப்பா கல்லாவில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணாடி எங்கே என்று தேடிய அப்பா. எனக்குத் தெரிந்தவர் அதற்கு முந்தியவர். நான் கல்யாணமாகி வந்தபோது அவர் பார்சல் மேடையில் நின்றார். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடை என்பதால் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைவிடக் கட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் ஜாஸ்தி. வாழையிலை, அதன் மேல் பேப்பர், நூல். சாம்பாருக்கு வீட்டிலிருந்து தூக்குச் சட்டி கொண்டுவருவார்கள். அந்தத் தூக்கை எல்லாம் இப்போது பொற்காலம் மாதிரிப் பேசுகிறார்கள். மூடி ஒன்று கடையில் நிற்கும், தூக்கு ஒன்று வீட்டுக்குப் போகும், மறுநாள் காலையில் இரண்டு வீட்டுச் சண்டை நம் வாசலில் நடக்கும். பிளாஸ்டிக் கவர் வந்தபோது கடையிலேயே ரொம்பச் சந்தோஷப்பட்டவள் நான்தான். கழுவ வேண்டாம், தேட வேண்டாம், திருப்பிக் கொடுக்க வேண்டாம். உன் அப்பாதான் கொஞ்ச நாள் அதை நம்பாமல் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்தார்.

மற்ற கடைகளில் சாம்பார் கவரை நூலால் கட்டுவார்கள். அவருக்கு நூல் பிடிக்காது, ஈரத்தில் வழுக்கிவிடும் என்பார். கவரின் வாயையே முறுக்கி, ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே நுழைத்து இழுப்பார். இழுக்கும்போது முழுக்க இழுத்துவிடாமல் ஒரு நுனியைக் காது மாதிரி மடித்து வெளியே விட்டுவிடுவார். கவரைத் தலைகீழாகப் பிடித்தாலும் சொட்டு விழாது. காதைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும். யாரும் அதை இழுத்ததில்லை என்பது வேறு விஷயம். நம் ஜனங்கள் ஓரத்தைப் பல்லால் கடித்துத்தான் ஊற்றிக்கொள்வார்கள். கடிக்கத்தான் போகிறார்கள், எதற்கு இந்தக் காது என்று கேட்டேன். "அவங்க கடிக்கட்டும். நம்ம கட்டுனா அவுக்கறதுக்கு வழி வெச்சித்தான் கட்டணும்" என்றார்.

அவரிடம் ஒரு சோதனை இருந்தது. பார்சல் மேடைக்குப் புதிதாக யார் வந்தாலும், அவர்கள் கட்டிய முதல் பார்சலை வெள்ளிமலை போகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார். மலை ஏறுகிற வளைவுகளில் அந்தப் பஸ் ஆளையே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளும், சாம்பார் என்ன ஆகும்? கண்டக்டர் மேலே போய்ச் சாப்பிட்டுவிட்டு இறங்கிவந்து நல்லாயிருந்தது என்று சொன்னால் அவர்கள் மேடையில் நிற்கலாம். இல்லையென்றால் பாத்திரம் கழுவுகிற பக்கம் போகவேண்டியதுதான். பெண்டாட்டிக்கும் அதே சட்டம். நான் கட்டிய முதல் பார்சல் மலைக்குப் போன அன்றைக்குக் கண்டக்டர் இறங்கி வந்தபோது அவர் காக்கிச் சட்டையில் பாதி மஞ்சளாக இருந்தது. கடையே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் அப்பா எல்லோரும் போன பிறகு ஒரு கவரில் தண்ணீர் நிரப்பி என் கையில் கொடுத்து, என் விரலைப் பிடித்துச் சுற்றச் சொல்லிக்கொடுத்தார். "ரொம்ப இறுக்காத. ஆள் வூடு போய் சேர்ற வரிக்கும் தாங்கணும், அவ்ளோதான். அதுக்கு மேல அது தாங்கி இன்னா பண்ணப் போவுது" என்றார். அன்றைக்குக் கையைப் பிடித்ததில்தான் என் கவனம் இருந்தது, சொன்னது காதில் சரியாக ஏறவில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் நாங்கள் அந்த மேடையில் தோளோடு தோள் நின்றோம். அவர் ஊற்றுவார், நான் கட்டுவேன். நான் ஊற்றினால் அவர் கட்டுவார். சண்டை வந்தால் பேச்சு நின்றுபோகும், கை மட்டும் நிற்காது. கூட்டம் குறைகிற நேரத்தில் யாராவது ஒருவர் சட்னி போதுமா என்று கேட்போம், சண்டை அதோடு முடிந்துவிடும். உன் வீட்டிலும் சண்டை வரும், வராமல் இருக்காது. போட்டுக்கொள், அதில் தப்பில்லை. ஆனால் மாப்பிள்ளை இழுப்பதற்கு ஒரு காது விட்டுப் போடு. என்னிடம் மூடிக்கொண்ட மாதிரி அவரிடம் வாயை மூடிக்கொள்ளாதே.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஓட்டலுக்குப் பின்பக்கம் கழிவுநீர்த் தொட்டி கட்ட இந்த மாதம் ஆள் வைத்துத் தோண்டினோம். கடைக் குப்பையும், பார்சல் வாங்கி வாசலிலேயே நின்று சாப்பிட்டவர்கள் போட்ட குப்பையும் காலம் காலமாகப் போய்ச் சேருகிற இடம் அதுதான். கல்யாணம் முடிந்த மறுநாள், கோபத்தில், மிச்சமிருந்த தாம்பூலக் கவரைக் கட்டோடு அங்கேதான் கொண்டுபோய்க் கொட்டி மண்ணைத் தள்ளியிருந்தேன். அதன் மேல் தினமும் வாழையிலையும் காய்கறித் தோலும் விழுந்தன, ஐப்பசி மழையும் பெய்தது. தோண்டும்போது அது வரும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வரவில்லை. கறுப்பாகப் பொலபொலவென்று மண்தான் வந்தது. குச்சியால் கிளறிப் பார்த்தேன், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திப்பி மாதிரித் துணுக்குகள் கிடைத்தன, அவ்வளவுதான். உன் பெயரும் மாப்பிள்ளை பெயரும் போட்ட கவராயிற்றே என்று ஒரு நொடி மனது துணுக்கென்றது. உடனே எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கீழே அச்சடித்திருந்த வரியை அப்படியே செய்து காட்டிவிட்டது அந்தக் கவர். அதை மண்ணில் போடாமல் பரணில் போட்டவள் நான்தான்.

இன்னும் கொஞ்சம் ஆழம் போனதும் வேறொன்று வர ஆரம்பித்தது. மண்வெட்டி நுழையவில்லை. அடுக்கு அடுக்காகப் பழைய கவர், மண்ணோடு அப்பிக்கொண்டு, வெளுத்துப்போய், ஆனால் ஒன்றும் ஆகாமல். தோண்டுகிறவர் திட்டிக்கொண்டே கையால் பிய்த்துப் பிய்த்து மேலே எறிந்தார். என் காலடியில் ஒன்று வந்து விழுந்தது. சின்னச் சாம்பார் கவர். ஓரம் கடித்துக் கிழித்திருந்தது. வாயில் முடிச்சு, முடிச்சில் காது.

வினோ, அது உன் அப்பா போட்ட முடிச்சு. நான் போட்டால் காது இடப்பக்கம் சாயும், அவர் போட்டால் நேராக நிற்கும். கழுவினேன். கழுவக் கழுவப் புதுசு மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. அவர் போய் எத்தனை வருஷமாகிறது. அவர் சட்டைகளைக் கரையான் தின்றுவிட்டது, குரல்கூட எனக்குச் சில நாள் சரியாக நினைவுக்கு வருவதில்லை. அவர் விரல் சுற்றிய சுற்று மட்டும் அப்படியே என் உள்ளங்கையில் இருந்தது. சமையல்கட்டில் யாருக்கும் தெரியாமல் அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதைக் காலண்டர் மாட்டுகிற ஆணியில் தொங்கவிட்டேன். மூன்று நாலு நாள் அதைப் பார்த்துக்கொண்டேதான் இட்லி ஊற்றினேன். பத்திரமாக வைக்க ஒரு பொருள் கிடைத்துவிட்டதல்லவா எனக்கு.

ஆனால் பின்பக்கம் போகிற ஒவ்வொரு தடவையும் அந்த வெளுத்த குவியல் கண்ணில் பட்டது. அதில் பாதி நான் கட்டியது. அவர் முடிச்சு ஒன்று கெடாமல் இருக்கிறதென்றால் நாங்கள் கட்டிக் கொடுத்த எல்லாமே எங்கேயோ கெடாமல்தான் கிடக்கிறது. மணலூர்பேட்டை ஆற்றங்கரையில் கிடக்கும், மலைப் பாதையின் வளைவுகளில் கிடக்கும், கரும்புக் காட்டில் கிடக்கும். சாம்பார் வீடு போய்ச் சேர்ந்து, சாப்பிட்டவரின் பிள்ளைகளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. கவர் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் அவர் சொன்னது, அன்றைக்குக் காதில் ஏறாதது, முழுசாக ஏறியது.

மறுநாள் சாவியை எடுத்துக்கொண்டு உன் கொட்டகைக்குப் போனேன். பூட்டியிருக்கும் என்றுதான் போனேன், ஆனால் வாசலில் மல்லிகா உட்கார்ந்திருந்தாள். கருணாபுரத்திலிருந்து உன்னிடம் வேலைக்கு வந்துகொண்டிருந்த அதே மல்லிகா. இப்போது கட்டட வேலைக்குப் போகிறாள். வேலை இல்லாத நாளில் இங்கே வந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பின்கதவுக் கொக்கியை எடுத்து, மிஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுப் போவாளாம். உனக்கு இது தெரியாது, அவளும் சொல்லவில்லை. ஒரு ஆண் துணையில்லாத வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, யாரும் சம்பளம் தராத வேலையை ஏன் செய்கிறாய் என்று கேட்டேன். "துரு புட்ச்சிட்டா பாப்பா வந்து மறுபடி எப்டிக்கா ஓட்டும்" என்றாள். பாப்பா என்றது உன்னைத்தான்.

அவளிடம்தான் இன்னொன்றும் கேள்விப்பட்டேன். நீ ஆர்டர் பிடிக்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போவாயாமே. "எந்த ஓட்டலுக்குப் போனாலும் அதையேதாங்க்கா கேட்டாங்க. உங்க கடையில இதுலதான் கட்டிக்கினு இருக்கீங்களான்னு. பாப்பா ஒண்ணும் சொல்லாது. சிரிச்சிக்கினே எழுந்து வந்துடும்" என்றாள். கவர் கிழிந்ததுதான் உன் தொழிலைக் கெடுத்தது என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே நம் கடைப் பார்சல் மேடை உனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நீ அதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்பது எனக்கே தெரியவில்லை.

மல்லிகா மிஷினில் மிச்சமிருந்த சுருளைத் தொட்டுப் பார்த்து, இது கடைசியாக வந்தது, இன்னும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கொஞ்சம் கவர் வெட்டிக் கொடுத்தாள். சக்கை டப்பாவும் ஒரு கை எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் காலையில் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, நான் பார்சல் கட்டினேன். கொதிக்கிற சாம்பாரை ஊற்றினால் கவர் இளகிவிடுகிறது, நீ முன்னமே சொன்னதுதான். அதனால் பார்சலுக்கு வேண்டிய சாம்பாரைத் தனியாக ஒரு போகணியில் எடுத்து வைத்து, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு ஊற்றினேன். கவரைச் சக்கை டப்பாவில் உட்கார வைத்தேன், பக்கத்தில் வாழையிலை நறுக்கில் இட்லி. இப்படி இரண்டு பார்சல். பட்டுப் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். ஒழுகினால் நட்டம் எனக்கும் இருக்கவேண்டும் அல்லவா. வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

கண்டக்டர் உன் வயசுப் பையன். டிக்கெட் கொடுத்துவிட்டு, "இன்னாக்கா மடியில, கொழந்தையா" என்றான். "சாம்பாருப்பா, நீ தள்ளி நில்லு" என்றேன். கச்சிராயபாளையம் ரோட்டில் உன் கொட்டகை தெரிந்தது, கும்பிட்டுக்கொண்டேன். மலை ஏற ஆரம்பித்ததும் வண்டி பழைய குணத்தைக் காட்டியது. ஒவ்வொரு வளைவிலும் பக்கத்தில் இருந்த பெண்மணி என் மேல் சாய்ந்தார், நான் அவர் மேல் சாய்ந்தேன், டப்பாவை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில் நான் கட்டிய பார்சல் இதே பாதையில் போனபோது உன் அப்பா கடை வாசலில் நின்று பஸ் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நம் கடைச் சமையல் மாஸ்டர் பிற்பாடு சொன்னார். அன்றைக்கு அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிந்தது.

வெள்ளிமலையில் இறங்கி டப்பாவைத் திறந்தேன். கவர் கொஞ்சம் வேர்த்திருந்தது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. புடவையைத் தூக்கி விரித்துப் பார்த்தேன், பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. கண்டக்டரைக் கூப்பிட்டு ஒரு பார்சலைக் கையில் கொடுத்தேன். அவன் முடிச்சில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தான், முடியவில்லை, எல்லோரையும் போல ஓரத்தைக் கடித்து ஊற்றிக்கொண்டான். தப்பு அவன் மேல் இல்லை. உன் கவரின் வாய் குட்டை. முடிச்சுப் போடத்தான் இடம் இருந்தது, காது விட இடம் இல்லை. சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "டப்பா நல்லா கீதுக்கா. எந்தக் கடையிது" என்று கேட்டான். என் மகள் செய்தது என்றேன். கடை எது என்றுதான் அவன் கேட்டான், எனக்கு வாயில் வந்தது அதுதான்.

சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து என் பங்கு இட்லியைச் சாப்பிட்டேன். குளிர் காற்று, ஆறிப்போன சாம்பார். ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் பசியெடுத்துச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

இன்றைக்குக் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் ஆணியில் தொங்கிய கவரை எடுத்தேன். அதை அப்படியே வைத்திருக்கவேண்டும் என்றுதான் ஆசை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் அதை நான் வைத்திருப்பதற்காகக் கட்டவில்லை. யாரோ ஒருவர் வீடு போய்ச் சேர்வதற்காகக் கட்டினார். காதைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பு, அவிழ்ந்துவிட்டது. இத்தனை வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் அவர் விட்டுவைத்த வழி அடைபடவில்லை.

அதனால், மிஷினைப் பார்க்க வருகிறவருக்குப் போன் பண்ணி வரவேண்டாம் என்று சொல்லிவிடு. அவருக்கு முன்னால் இன்னொரு கிராக்கி வந்துவிட்டது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஓட்டல் நடத்துகிறவள், கொஞ்சம் வாய் ஜாஸ்தி, குறை சொல்கிற ஆள், ஆனால் சொன்னால் சொன்னதுதான். அவளுக்கு அடுத்த மாதத்திலிருந்து பார்சலுக்கு டப்பாவும் கவரும் வேண்டும். இனி நீ எந்த ஓட்டலுக்குப் போய் யார் கேட்டாலும், எங்கள் கடையில் இதில்தான் கட்டுகிறோம் என்று சொல். நம்பாதவர்களை வந்து பார்க்கச் சொல், நான் மேடையில்தான் நிற்பேன். மாப்பிள்ளையிடம் நான் பேசிக்கொள்கிறேன், மாதத்தில் பாதி நாள் நீ இங்கே வந்து போவதற்கு அவர் தடை சொல்லமாட்டார். மல்லிகாவைத் திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டேன், உன்னைக் கேட்காமல்.

ஒரு மாதத்துக்கு வேண்டிய சரக்கு மட்டும் அனுப்பு. கூட அனுப்பினால் கை சும்மா இருக்காது, பரணில் ஏற்றிவிடுவேன். கவரின் வாயை மட்டும் நாலு விரல் நீட்டி வெட்டச் சொல். காது விட இடம் வேண்டும்.

அம்மா